ஏரிக்கரை பங்களாவும் மதகடி மனிதனும்
சரித்திர நாவல் குறித்துச் சில குறிப்புகள்

1

ஏரி தெரியும் வீடு என்பது இன்று ஒரு சரக்கு. ஓசூரைச் சுற்றித் தளி, பாகலூர், தேன்கனிக்கோட்டைச் சாலைகளில் நட்டுவைத்திருக்கும் மனைப் பலகைகளைப் பார்த்தால் இது விளங்கும். சனி ஞாயிறுக்குப் பெங்களூரிலிருந்து வந்து தங்குகிற வில்லா, பண்ணை வீடு, காட்டேஜ் எல்லாவற்றிலும் விலை ஏறுவது சுவருக்கோ கூரைக்கோ அல்ல, ஜன்னலுக்கு. ஜன்னலில் ஏரி தெரியவேண்டும். ஆனால் வெறும் தண்ணீரை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? தண்ணீருக்கு ஒரு கதை தேவைப்படுகிறது. சோழர் வெட்டிய ஏரி என்றோ, திப்பு குதிரைக்குத் தண்ணீர் காட்டிய ஏரி என்றோ ஏதாவது ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. கதை ஒட்டியதும் ஏரி 'பாரம்பரியம்' ஆகிவிடுகிறது. பாரம்பரியத்துக்குச் சதுர அடி விலை தனி.

சரித்திர நாவல் எழுதுகிறவருக்கு வேலை வருகிற இடம் இதுதான். கதை எழுதுகிறவரும் மனை விற்கிறவரும் ஒரே ஜன்னலில் நின்று ஏரியைப் பார்க்கிறார்களா, இல்லை இருவர் நிற்கிற இடமும் வேறா? இந்தக் கேள்வியை வெறும் ரசனைப் பிரச்சினையாகச் சுருக்கிவிட முடியாது. ஏரி யாருடையது என்கிற வழக்கு இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருக்கிறது. அந்த வழக்கில் நாவலும், எழுதியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது.

ஏரியைப் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று வராந்தா, அங்கிருந்து பார்த்தால் தெரிவது நீர்ப்பரப்பு, அந்தி வெயில், அக்கரை. இன்னொன்று மதகு. அங்கிருந்து பார்க்கிறவனுக்குத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, கோடி போகுமா, கரை தாங்குமா என்பதுதான் தெரியும். நம்முடைய சரித்திர நாவல்களில் பெரும்பாலானவை வராந்தாவில் உட்கார்ந்து எழுதப்பட்டவை என்பது என் வாதம்.

2

ஓசூருக்கு வராந்தா புதிதல்ல. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் இந்தப் பகுதி கம்பெனி வசமாகிச் சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது. மேட்டுநிலத்துக் குளிர்ச்சி வெள்ளை அதிகாரிகளுக்குப் பிடித்துப்போயிற்று. தளியைக் 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள். மத்திகிரியில் பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட் ஓசூரில் ஒரு கோட்டை வீடு கட்டினார். அதற்கு வைத்த பெயர் கெனில்வொர்த். மனைவியின் ஆசைக்காகக் கட்டினார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

அசல் கெனில்வொர்த் இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் இருக்கிறது. ஓடைகளை மறித்துத் தேக்கிய பெரிய ஏரியின் கரையில் நின்ற கோட்டை அது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே நடந்த உள்நாட்டுப் போருக்குப்பின் கோட்டையை இடித்து ஏரியையும் வடித்துவிட்டார்கள். இடிந்துகிடந்த அதை உலகத்துக்கே தெரிந்த பெயராக்கியது வால்டர் ஸ்காட் 1821இல் வெளியிட்ட 'கெனில்வொர்த்' என்கிற சரித்திர நாவல். 1575இல் எலிசபெத் ராணி அங்கே வந்து தங்கிய விருந்துதான் நாவலின் மையம். அந்த விருந்தின்போது பிரபுவின் மனைவி ஏமி ராப்சார்ட் மறைந்து தவிப்பதாக ஸ்காட் எழுதுகிறார். சரித்திரத்தில் அந்தப் பெண் 1560இலேயே செத்துப்போனவள். பதினைந்து வருஷம் பிந்தி அவளைப் பிழைக்கவைத்து, காட்சிக்குத் தேவையான கண்ணீரை வரவழைத்துக்கொண்டார். அதைத் தவறென்று யாரும் தள்ளவில்லை. படித்தார்கள், கோட்டையைப் பார்க்கப் போனார்கள்.

ஆக, ஓசூரில் நின்ற அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த பெயர் ஒரு நாவலால் பிரபலமான பெயர். இங்கிலாந்தின் ஏரிக்கரைப் பழமை ஒன்றை, புத்தகத்தின் வழியாகக் கற்பனை செய்துகொண்டு, நம்முடைய மானாவாரி மேட்டில் கொண்டுவந்து வைத்தாயிற்று. அதே நூற்றாண்டில், 1858இல், சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரை உடையும் அபாயம் இருந்தால் ஊர்க்காரர்களை வேலைக்கு இழுக்க அது அதிகாரம் கொடுத்தது. கலெக்டர் நிர்வாகத்துக்கு ஏரி கட்டாய வேலை; கலெக்டர் வீட்டுக்கு ஏரிக்கோட்டை கனவு. இரண்டும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். இன்று அந்தக் கட்டடமும் இடிந்துபோய்விட்டது. ஆனால் அது விதைத்த ரசனை இடியவில்லை. மனைப் பலகைகளில் முளைத்துக்கொண்டிருக்கிறது.

3

நாவல் எழுதினால் நிலத்துக்கு என்ன ஆகும் என்பதை ஸ்காட்டின் ஊரிலேயே பார்க்கலாம். 1810இல் அவர் வெளியிட்ட 'ஏரியின் சீமாட்டி' என்கிற நெடுங்கவிதை ஸ்காட்லாந்தின் கேட்ரின் ஏரியைக் களமாகக் கொண்டது. புத்தகம் வந்த கையோடு ஏரியைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்; விடுதிகளில் இடமில்லை. பின்னாளில் அந்த ஏரியில் ஓடவிட்ட நீராவிப் படகுக்கு எழுத்தாளரின் பெயரையே வைத்தார்கள். எழுத்தாளர் ஊரைப் பிரபலப்படுத்துவது போய், ஊர் எழுத்தாளரை விற்பது என்கிற நிலை வந்துவிட்டது.

இதிலென்ன தப்பு என்று கேட்கலாம். 1814ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். மலைநாட்டுக் குலங்களின் 1745 கலகத்தைச் சொல்லும் ஸ்காட்டின் முதல் நாவல் 'வேவர்லி' வெளிவந்தது அந்த வருஷம். அதே வருஷம் வடக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், ஆட்டுப் பண்ணைக்கு இடம் வேண்டுமென்று, மலைநாட்டுக் குடியானவர்களை வீட்டைக் கொளுத்தி விரட்டினார்கள். மலைநாட்டு மனிதர்கள் நாவலில் பெருகப் பெருக மலையில் குறைந்தார்கள். ஸ்காட்டா கொளுத்தினார்? இல்லை. ஆனால் ஆளில்லாத மலையையும் ஏரியையும் பார்த்து 'அடடா, என்ன சோகமான அழகு' என்று சொல்லக் கற்றுக்கொடுத்ததில் அவருடைய பங்கு உண்டு. விரட்டலுக்குப் பின்னால் மிஞ்சிய வெறுமையை அந்த எழுத்து நிலக்காட்சியாக மாற்றிவிட்டது.

இதைவிடப் பச்சையான உதாரணம் அமெரிக்காவில். நியூயார்க் மாநிலத்தின் ஒட்ஸேகோ ஏரிக்கரையில் நிலத்தை வளைத்துப் பிரித்து விற்று, தன் பெயரில் ஊர் எழுப்பியவர் வில்லியம் கூப்பர். அவருடைய மகன் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் அதே ஏரிக்கரையைக் களமாக்கி 1823இல் 'முன்னோடிகள்', 1841இல் 'மான்வேட்டைக்காரன்' என்று சரித்திர நாவல்கள் எழுதினார். அப்பா மனை போட்டார், மகன் கதை போட்டார். மகனின் நாவலில் அந்த ஏரி மனிதக் கை படாத கண்ணாடி. சரித்திரமோ வேறு. 1779இல் ஜெனரல் கிளின்டன் அந்த ஏரியின் வாயை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி, பிறகு அணையை உடைத்து, அந்த வெள்ளத்தில் படகுகளை மிதக்கவிட்டுத்தான் இரோகுவா பழங்குடிகளின் ஊர்களை அழிக்கப் படை கொண்டுபோனார். மதகில் நின்று பார்த்தால் அந்த ஏரி ஒரு ஆயுதம்.

மார்க்சிய விமர்சகர் லூகாச் 1930களில் சரித்திர நாவல் பற்றி எழுதும்போது ஸ்காட்டை உயர்த்திப் பேசினார். அரசர்களை மையத்தில் வைக்காமல், இரண்டு முகாம்களுக்கும் போய்வரக்கூடிய ஒரு சாதாரண நாயகனை வைத்ததால், சமூக மோதல் முழுவதையும் ஸ்காட்டால் காட்ட முடிந்தது என்பது அவர் வாதம். வாதம் செல்லும். ஆனால் நாயகன் யார் யாரைச் சந்திக்கிறான் என்பதோடு, எங்கே நின்று பார்க்கிறான் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியோடு தமிழுக்கு வருவோம்.

4

தமிழில் இந்தப் பேச்சை எடுத்தால் கல்கியைத் தாண்டிப் போக முடியாது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954 வரை தொடராக வந்தது. அது திறப்பதே ஒரு ஏரிக்கரையில்தான்: ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரி, குதிரையில் வருகிற வந்தியத்தேவன், கரையில் திரண்டிருக்கும் குடும்பங்கள். அந்தத் தொடக்கத்தின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. வந்தியத்தேவன் லூகாச் சொன்ன மாதிரியான நாயகன்தான். ராஜ்ஜியம் இழந்த குலத்தில் வந்தவன், எல்லா முகாமுக்கும் போய்வருகிறவன். ஓடக்காரி பூங்குழலி, பூ கட்டும் சேந்தன் அமுதன் என்று சாதாரணர்களும் வருகிறார்கள். ஆனால் கடைசியில் என்ன ஆகிறது? சேந்தன் அமுதன் அரச ரத்தம் என்று தெரிகிறது. அவன்தான் உத்தம சோழனாக முடிசூடுகிறான், ஓடக்காரி ராணியாகிறாள். கதைக்குள் நாம் நம்பிய ஒரே சாதாரணனையும் பிரதி அரண்மனைக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. சாதாரணன் கடைசிவரை சாதாரணனாகவே இருந்து சரித்திரத்தை நடத்த இந்தக் கதையாடலில் இடமில்லை.

ஏரிக்கும் அதே கதிதான். வீரநாராயண ஏரியை வெட்டுவித்தவன் முதலாம் பராந்தகன். அவனுடைய ஆட்சிக் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 'ஏரி வாரியம்' என்று ஒன்றைச் சொல்கின்றன. ஏரியைப் பராமரிக்க ஒரு குழு, குடவோலையில் தேர்வு, ஒரு வருஷப் பொறுப்பு. இதைக் காட்டி அந்தக் காலத்திலேயே நமக்கு ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறார்கள். குழுவில் உட்கார யாருக்குத் தகுதி என்பதையும் அதே கல் சொல்கிறது: சொந்த நிலம், சொந்த மனை, வேதக் கல்வி. மண் சுமந்தவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆக 'சோழர் வெட்டிய ஏரி' என்கிற மூன்று சொற்களுக்குள் அரசன், சபை, சபைக்கு வெளியே மண்வெட்டி பிடித்தவன் என்று மூன்று பேர் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவதுதான் சரித்திர நாவலின் வேலை. ஒரே பெருமிதத்தில் போட்டுக் குழைப்பது விளம்பரத்தின் வேலை.

ஒரு ஒற்றுமையைக் கவனிக்கலாம். எழுத்தில் புகழ்பெற்ற கேட்ரின் ஏரித் தண்ணீர் 1859 முதல் கிளாஸ்கோ நகரத்துக்குப் போகிறது. வீராணம் தண்ணீர் 2004இல் புதிய வீராணம் திட்டத்தில் குழாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. எழுத்து அதற்குக் காரணமல்ல. ஆனால் ஏரியைக் காட்சியாக மட்டும் மனதில் வாங்கிய வாசகருக்கு, அதன் தண்ணீர் எங்கே, யாரைக் கேட்டுப் போகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

5

சரி, ஓசூர் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏரிகளை வைத்து இன்று ஒருவர் சரித்திர நாவல் எழுத உட்கார்ந்தால் கையில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது, அரண்மனைதான் இல்லை. இதை நான் வசதி என்றே சொல்வேன்.

முதலில் நடுகல். தொறு மீட்டு விழுந்தவனுக்கு எடுத்த கற்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் முழுக்க நிற்கின்றன. அவற்றில் பேரரசன் பெயர் ஆட்சியாண்டு சொல்வதற்கு மட்டும். செய்தி முழுக்க விழுந்தவனைப் பற்றியது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரைக்கூடப் பொறித்துவைத்திருக்கிறது. நாய்க்குப் பெயர் கொடுத்த மண் இது. நம் சரித்திர நாவல்களிலோ தீவட்டி பிடித்தவனுக்கும் மதகு திறந்தவனுக்கும் பெயர் கிடையாது. ஒரு எச்சரிக்கையும் தேவை. நடுகல்லைத் தன் சாதியின் மூதாதை என்று உரிமை கொண்டாடி, ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மன்னன், ஒரு நாவல் என்று பங்கு போடுகிற போக்கும் வளர்ந்திருக்கிறது. தொறு மீட்டவனை மன்னனாக்கிவிட்டால் மறுபடி அரண்மனைதான்.

இரண்டாவது குந்தாணி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசள அரசன் ராமநாதனுக்கு இந்தப் பக்கம்தான் தலைநகர். கன்னட வம்சம், கல்வெட்டுகள் கோலார் வட்டாரம்வரை தமிழிலும் கிடைக்கின்றன. அண்ணன் நரசிம்மனுடைய தலைநகர் துவாரசமுத்திரம். 'சமுத்திரம்' என்பது ஏரிக்கு வைக்கிற பெயர். ஏரியின் பெயரில் தலைநகரம் அமைந்த வம்சம், மொழி மாறி மாறிப் பேசிய வம்சம். எல்லையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஓசூர்ச் சந்தையில் ஒரே பேரத்தில் தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் புரள்வதைக் கேட்டவருக்கு, நம் சரித்திர நாவல்களின் மேடைத் தமிழ் எவ்வளவு பொய் என்று தெரியும். எல்லாப் பாத்திரமும் ஒரே செந்தமிழில் பேசுகிற நாவல், 1956 மொழிவாரி எல்லையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் கொண்டுபோய் நடுகிறது.

மூன்றாவது கம்பெனிக் காகிதம். 1792இல் பாராமகால் கம்பெனி கைக்கு வந்ததும் ரீட், மன்றோ முதலானவர்கள் நிலத்தை அளந்து எழுதிக் குவித்தவை பாராமகால் ஆவணங்கள். வரி வாங்குவதற்காக எழுதியவை. ஆனாலும் ஏரி, கிணறு, சாகுபடி, குடிகள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அதிகாரத்தின் காகிதத்தைத் தலைகீழாகப் படிக்கிற பயிற்சி இருந்தால் போதும். பிரபஞ்சன் அதைச் செய்து காட்டியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' எழுதியபோது, துபாஷ் ஓரமாகக் குறித்துவிட்டுப் போனவர்களை நடுவில் கொண்டுவந்தார். ஓசூருக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

நான்காவது வாய்மொழி. ஏரிக்குப் பலியான மருமகள் பாகீரதியைப் பற்றிய 'கெரெகெ ஹாரா' கன்னடத்தில் பரவலாகப் பாடப்படும் கதைப்பாட்டு. தண்ணீர் ஊறாத ஏரிக்கு வீட்டுக்கு வந்த பெண்ணைக் கொடுக்கிறார்கள். ஏரியின் நிஜமான சரித்திரத்தை அந்தப் பாட்டு ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறது: நீர் ஊருக்கு, சாவு மருமகளுக்கு. வராந்தாவிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இது 'சோக ரசம்'. மதகிலிருந்து பார்த்தால் இது தீர்ப்பு.

பழையதோடு சரித்திரம் முடிந்துவிடுவதுமில்லை. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டுப் பழையது என்று 2022இல் அரசு அறிவித்தபோது ஊரெங்கும் பெருமிதம். பெருமிதம் தப்பில்லை. ஆனால் இதே மாவட்டத்தில் 1970களில் தொடங்கிய சிப்காட்டுக்குப் பிறகு இரும்போடு வேலை செய்கிற ஆயிரக்கணக்கானவர்களின் ஐம்பது வருஷமும் சரித்திரம்தானே? பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2018 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. அந்த ஏரியைத் தாண்டி வருகிற கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. நெருப்பு பிடிக்கிற ஏரி, நுரை தள்ளுகிற அணை. இந்தக் கண்ணால் பார்த்துவிட்டுப் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஏரியை எழுதினால், அந்த ஏரியிலும் யாரோ கழிவைத் தள்ளியிருப்பார்கள் என்று தேடத் தோன்றும்.

6

இனி, எழுதியதைக் கொண்டுசேர்ப்பது. இதைப் பதிப்பாளர் பாடு என்று ஒதுக்குகிறோம். உண்மையில் சரித்திர நாவலில் பிரச்சாரம் எழுத்தின் உள்ளேயே வேலை செய்கிறது. கல்கியின் தொடர் வெற்றியில் வாராவாரம் மர்மத்தில் நிறுத்துகிற உத்திக்கும் ஓவியர் மணியத்தின் கோடுகளுக்கும் பங்குண்டு. வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்று தமிழர்கள் மணியத்திடம்தான் கற்றுக்கொண்டார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் மலிவுப் பதிப்புகள் பெருகின. 2022, 2023இல் மணிரத்னத்தின் படங்கள் வந்தன. படத்தோடு ஒட்டித் தமிழ்நாடு சுற்றுலாத் துறை பொன்னியின் செல்வன் தடத்தில் பயணமே நடத்தியது. தொடர், படம், பஸ், விடுதி என்று சங்கிலி முழுமையாகிறது. அடுத்த கண்ணி மனை.

நம்மைப் போன்ற சிறுபத்திரிகைக்காரர்கள் இதற்குப் பதிலாக முகத்தைத் திருப்பிக்கொள்வதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறோம். விற்றாலே கெட்டது, ஐந்நூறு பிரதி போதும் என்று. இதுவும் ஒரு வராந்தாதான். கொஞ்சம் ஏழை வராந்தா, அவ்வளவே. சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வருகிற பையன் மொபைலில் சோழர் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குச் சரித்திர ஆசை இருக்கிறது. அந்த ஆசையை மன்னர் பெருமைக்காரர்களிடம் விட்டுவிட்டு நாம் தூய்மையாக இருந்து என்ன பயன்?

செய்யக்கூடியவை சில உண்டு. நாவலை ஏரிக்கரை ஊரிலேயே, மதகுப் பக்கத்தில், பாகம் பாகமாக வாசிக்கலாம். நீர் பாய்ச்சும் முறையை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களைக் கூப்பிட்டு, எழுதியது சரியா என்று கேட்கலாம். வெளியான பிறகு அல்ல, எழுதும்போதே. தெலுங்கிலும் கன்னடத்திலும் கூடவே கொண்டுவரலாம். எல்லை ஊரில் ஒரு மொழியில் மட்டும் வருகிற ஏரிக் கதை பாதி ஊரை வெளியே நிறுத்துகிறது. விலையைத் தொழிலாளி வாங்குகிற அளவில் வைத்துத் தொழிற்சங்க அலுவலகத்தில் விற்கலாம். அட்டையில் அந்தி வெயில் ஏரியைப் போடாமல் இருக்கலாம். முக்கியமாக, நாவலின் பின்னிணைப்பாக அந்த ஏரியின் இன்றைய நிலவரத்தைச் சேர்க்கலாம்: பரப்பு எவ்வளவு இருந்தது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டது. ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே தமிழ்நாட்டில் 2007இல் சட்டம் வந்தது. சட்டத்துக்குத் தேவை நில அளவைப் பதிவு. ஊருக்குத் தேவை நினைவு. பதிவைத் திருத்திவிட முடியும். ஊரே வாசித்து வாயில் வைத்திருக்கிற கதையைத் திருத்துவது கஷ்டம்.

நாவலைத் துண்டுப் பிரசுரமாக்கச் சொல்வதாக நண்பர்கள் சண்டைக்கு வரலாம். நான் கேட்பது அதற்கு நேர்மாறு. துண்டுப் பிரசுரமாக ஏற்கெனவே இருப்பது பெருமித நாவல்தான். ஒரே செய்தி, ஒரே கோணம், ஒரே ஜன்னல். மதகிலிருந்து எழுதினால் கோணங்கள் பெருகும். தண்ணீர் திறந்துவிட்டவன் மேல் வயல்காரனுக்கு நல்லவன், கீழ் வயல்காரனுக்குத் துரோகி. சேரிக்குத் தண்ணீர் மறுத்த ஊர், வேறொரு நாள் வரிக்கு எதிராகக் கலகம் செய்த ஊராகவும் இருக்கும். இந்தச் சிக்கலுக்குள் இறங்கத் துணிகிற நாவலை எந்த மனை வியாபாரியாலும் பலகையில் எழுதிவைக்க முடியாது.